காலையில் மட்டும் நின்றுபோன டிராக்டர்

1. பாதி உழுத காட்டில்

அந்த டிராக்டரை நான் முதலில் பார்த்தபோது அது பாதி உழுத கரிசல்காட்டு நிலத்தின் நடுவில் மூக்கை மேற்கே நீட்டிக்கொண்டு நின்றது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவரும் உரக்கப் பேசவில்லை. அந்த வீட்டில் நிஜமாகவே எழவு விழுந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. விருதுநகரில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. பருத்தி லோடும் வத்தல் லோடும் ஏற்றுகிற லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. டிராக்டர் அந்தப் பக்கம் அபூர்வம். எங்கேயாவது ஒன்று படுத்துவிட்டால் என்னை அனுப்புவார்கள். நான் கெட்டிக்காரன் என்று அல்ல, மழை பெய்த கரிசலில் போக வேறு எவனும் தயாராக இல்லை. மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரம் சுற்றாமல், கடைசியில் சைக்கிளை நாம்தான் தோளில் சுமக்க வேண்டும்.

என்னைக் கூப்பிட வந்தவர் அந்த வண்டியின் டிரைவர் சுப்பையா. என் வயதுக்காரர், வெற்றிலையும் பயமும் வாயில் அடக்கியவர்.

"ஆமத்தூருக்குத் தெக்க நம்ம ஊரு. வண்டி ஓடுது, நிக்குது, ஓடுது, நிக்குது. ஈரம் காஞ்சுக்கிட்டு வருது மேஸ்திரி. இப்பமே பொறப்படுங்க."

முதலாளி என் டூல் பையைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, நீ எங்க போனாலும் கார்பரேட்டரைக் கழட்டாம திரும்ப மாட்டியே. போயிட்டு வா."

ஈரம் காய்கிறது என்றால் என்ன என்று டவுன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மழை விழுந்த உடனே கரிசலில் இறங்க முடியாது, காலைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் விட்டால் பதம் வரும். அந்தப் பதம் நாலைந்து நாள் நிற்கும். அதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும். விட்டால் மண் இறுகி வெடிப்பு விழும், விதையைப் போட்டால் எறும்புக்குத்தான் தீனி. அதனால் அந்த நாலைந்து நாளும் ஊரில் எந்த ஏரும் சும்மா இருக்காது. இரவல் கேட்டால் கிடைக்காது.

வண்டிக்குச் சொந்தக்காரி வேலம்மாள். முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் முத்தையா உழவு மாடுகளை விற்று அந்தப் பழைய சீமை டிராக்டரை வாங்கியிருக்கிறார். ஊர் சிரித்திருக்கிறது. மனுஷர் ஒரு வருஷம் ஓட்டிக் காட்டிவிட்டு, ஆடியில் காமாலை கண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டும் பெண் குழந்தைகள். மாடும் இல்லை, ஆளும் இல்லை, இருப்பது இந்த இரும்பு ஒன்றுதான்.

முத்தையாவின் தம்பி குருசாமி நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிவகாசியிலிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் ஊருக்கு ஒதுங்கின காடாகத் தேடி வந்திருந்தார்கள். தீப்பிடித்தால் பரவாமல் இருக்க அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதற்கு அவர்களுக்கு வெறுங்காடு வேண்டும். வேலம்மாள் மாட்டேன் என்றாள். முத்தையாவின் பெரியப்பா, அவளுக்குப் பெரிய மாமனார், மத்தியஸ்தம் செய்து ஒரு முடிவு சொல்லியிருந்தார். இந்த மழைக்கு அவள் விதைத்துக் காட்டினால் நிலம் அவள் கையில் இருக்கும். இல்லையென்றால் கம்பெனிக்கு.

இவ்வளவும் நான் போய் இறங்கின அரை மணி நேரத்தில் அங்கே நின்றவர்களே சொன்னது. கெட்டுப்போன வண்டிக்குப் பக்கத்தில் எல்லாரும் உண்மை பேசுவார்கள்.

2. சீனி போட்டது யார்?

அந்தக் காலத்து டிராக்டரில் இரண்டு டேங்க். சின்னதில் பெட்ரோல், பெரியதில் சீமெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் டேப்பைத் திருப்பிச் சீமெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பம்ப் எல்லாம் கிடையாது. டேங்க் மேலே, எண்ணெயைக் காற்றோடு கலக்கிற கார்பரேட்டர் கீழே, எண்ணெய் தன் பாரத்தில் இறங்கும். நடுவில் ஒரு கண்ணாடிப் பவுல், ஒரு சல்லடை, ஒரு பைப். இவ்வளவுதான்.

பெட்ரோலில் வண்டி சுத்தமாக ஓடியது. சீமெண்ணெய்க்கு மாற்றினால் இரண்டு மூன்று உழவுச் சால் போகும், பிறகு இருமும், நிற்கும். அப்படியென்றால் தீப்பொறி கொடுக்கிற பிளக்கிலும் மேக்னெட்டோவிலும் குற்றமில்லை, எண்ணெய் வருகிற வழியில்தான் குற்றம். பெட்ரோலிலேயே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். அந்தச் சின்ன டேங்க் உழவுக்குக் காணாது, ஊரில் பெட்ரோலும் கிடையாது.

முதலாளி சொன்ன மாதிரியே கார்பரேட்டரைக் கழற்றினேன். பவுலில் கொஞ்சம் தண்ணீர், சல்லடையில் கரிசல் தூசி, எண்ணெய் பீச்சுகிற ஜெட்டில் ஒரு நூல் பிசிறு. எல்லாவற்றையும் துடைத்து, ஊதி, மாட்டினேன். மத்தியானம் வண்டி ஓடியது. பொழுது சாயும்வரை நிற்கவே இல்லை. வேலம்மாள் தூரத்தில் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு விருதுநகர் திரும்பினேன்.

மறுநாள் காலையில் சுப்பையா மறுபடியும் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றார்.

"நின்னுருச்சு மேஸ்திரி. அதே மாதிரி."

இந்த முறை ஊர் வேறு மாதிரி இருந்தது. சுப்பையா என்னை வேலிப்பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் சொன்னார்.

"நம்ம குருசாமிதான் வண்டியக் கெடுக்க டேங்க்ல சீனியப் போட்டுட்டாருன்னு பேச்சு. நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லிட்டீகன்னா போதும். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்."

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வண்டி நின்றால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் விரல் அவர் பக்கந்தானே நீளும்? பெரிய டேங்க் முழுவதையும் இறக்கினேன். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். சீனி இல்லை, மண் இல்லை, ஒரு கசடும் இல்லை. அந்த வேலைக்கே காலைப்பொழுது போய்விட்டது. திரும்ப ஊற்றி ஸ்டார்ட் பண்ணினால் ஓடியது. மத்தியானம் முழுவதும் ஓடியது.

அதுதான் வினையாகப் போயிற்று. காலையில் நிற்கிறது, மத்தியானம் ஓடுகிறது. நான் கோளாறைக் கண்டுபிடிக்குமுன் ஊர் கண்டுபிடித்துவிட்டது.

முத்தையா உயிரோடு இருந்தபோது விடியற்காலையில்தான் வண்டி ஓட்டுவார். வெயில் ஏறினால் சுப்பையாவிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார். ஆகக் காலையில் வண்டியை மறிப்பது முத்தையாதான். தன் வண்டியை வேறு கை தொடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் அவர் போன பிறகு வண்டி ஓடுகிறது. இப்படி ஊர் கணக்குப் போட்டது. யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

குருசாமி அண்ணியிடம் வந்து கும்பிடாத குறையாகச் சொன்னார். "மதினி, நான் ஒண்ணும் செய்யல. எம் பிள்ளைக மேல சத்தியம். அண்ணனே வேண்டாம்னு மறிக்காரு. நாம என்ன செய்ய முடியும்?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதில் நடிப்பு இல்லை. அவரும் அதை நம்பிவிட்டார்.

வேலம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரு மறிக்க மாட்டாரு தம்பி."

மறுநாள் காலையில் விதை போட வர வேண்டிய பெண்கள் வரமாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். செத்தவர் நிற்கிற காட்டில் பச்சைப்பிள்ளைக்காரிகள் எப்படிக் கால் வைப்பது? சுப்பையாவே சீட்டில் ஏற யோசித்தார்.

3. எண்ணெய் விட்ட மூச்சு

அன்று நான் ஊர் திரும்பவில்லை. காலையில் வண்டி நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்து, சுப்பையா வீட்டில் படுத்துக்கொண்டேன்.

விடிந்து வண்டி நின்ற கொட்டகைக்குப் போனபோது வேலம்மாள் எனக்கு முன்னால் அங்கே இருந்தாள். குளித்து, ஈரத் தலையோடு, ஒரு கிண்ணத்தில் திருநீற்றைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தாள். முத்தையா வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பாராம். குங்குமம் தொடுகிற உரிமை இப்போது அவளுக்கு இல்லை. அதனால் திருநீறு. அதையும் வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்துக்கொள்ளாமல் தினமும் வைத்தாள். மூன்று விரலால் வழித்து, பெரிய டேங்க் மூடியின்மேல் பட்டையாக இழுத்துவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"அவரு ஏறுமுன்ன இதுலதான் கைய வப்பாரு" என்றாள், நான் கேட்காமலே.

நான் அதைப் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பெட்டிக்கே மாலை போடுவோம். இரும்புக்கு விபூதி பூசுவது ஒரு அதிசயமா?

சுப்பையாவை ஒரு வழியாகத் தேற்றி ஏற்றி உட்காரவைத்தேன். சீமெண்ணெய்க்கு மாற்றி மூன்று சால் போனது. இருமியது. நின்றது. சுப்பையா வழக்கம்போல இறங்கி, கையில் ஒரு சோளத்தட்டையோடு டேங்க் பக்கம் போனார். எண்ணெய் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து தட்டையை விட்டு அளப்பது அவர் பழக்கம். வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் செய்த முதல் வேலை அதுதான்.

"தொடாதீக!" என்று கத்திவிட்டேன். அவர் கையை உதறிக்கொண்டு தள்ளி நின்றார்.

கார்பரேட்டருக்குக் கீழே எண்ணெயை வடிப்பதற்கு இருக்கிற டிரெயின் பிளக்கைத் திறந்தேன். நாலு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் நின்றது. மேலே டேங்க் நிறைய எண்ணெய், நடுவில் எல்லாம் நான் துடைத்து வைத்த வழி. ஆனால் கீழே ஒரு சொட்டு இல்லை. பிளக்கைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஒரு கையை அடியில் நீட்டிக்கொண்டு, மறு கையால் மெதுவாக டேங்க் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் உள்ளங்கை நிறையச் சீமெண்ணெய் கொட்டியது.

சுப்பையா சாதாரணமாகச் சொன்னார். "அந்தச் சத்தம் தெனமும் வருமே மேஸ்திரி. எண்ணெ மூச்சு விடுதுன்னு நெனச்சேன்."

மூச்சுதான். வெளியே விட்ட மூச்சு இல்லை, உள்ளே இழுத்த மூச்சு. டேங்க் மூடியின் நடுவில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். எண்ணெய் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று அது வழியாக உள்ளே போக வேண்டும். அது அடைபட்டால் எண்ணெய் தொங்கிக்கொண்டு நின்றுவிடும். நாம் மூடியைத் திறந்து பார்த்தால் காற்று போய்விடும், கோளாறும் போய்விடும். மூடிவிட்டு ஓட்டினால் மறுபடியும் வரும். டேங்கை எத்தனை தடவை திறந்து பார்த்தோமோ அத்தனை தடவையும் நாங்களே கோளாறை மறைத்திருக்கிறோம்.

மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அன்று பூசிய மூன்று பட்டை. அதற்கு அடியில் நேற்றையது. அதற்கும் அடியில் இரண்டு மாதத்துத் திருநீறு, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. வெயில் ஏறி எஞ்சின் சூடும் சேர்ந்தால் அது காய்ந்து கீறல் விடும், கீறல் வழியாகக் காற்று போகும். அதனால் மத்தியானம் வண்டி ஓடும். மறுநாள் விடிந்ததும் ஈரத் திருநீறு அந்தக் கீறலை அடைத்துவிடும்.

சட்டைப் பையிலிருந்து ஸ்டவ் பின்னை எடுத்துக் குத்தினேன். வெள்ளைத் தூள் பொலபொலவென்று கரிசல் மண்ணில் கொட்டியது.

நிமிர்ந்தால் எதிரே வேலம்மாள். சுப்பையாவுக்கும் எனக்கும் கஞ்சி கொண்டுவந்தவள், தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். தரையில் கிடந்த தூளைப் பார்த்தாள். என் கையில் இருந்த மூடியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாந்தானா அண்ணே?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் உன் வண்டியை நீயே கெடுத்தாய் என்று முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறேன். அன்று எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

4. தூசி

கொஞ்ச நேரத்தில் குருசாமியும் பெரிய மாமனாரும் காட்டுக்கு வந்தார்கள். பின்னாலேயே பாதி ஊர் வந்தது.

"என்ன கோளாறுய்யா?" என்றார் பெரியவர்.

வேலம்மாள் என்னைப் பார்த்தாள். ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். புருஷன் ஆசையாக வாங்கின வண்டியை அவளே மந்திரித்துப் படுக்கவைத்தாள் என்பார்கள்.

"டேங்க் மூடியில தூசி அடைச்சிருச்சு, ஐயா. எடுத்தாச்சு. இனி நிக்காது."

"தூசியா? வெறுந் தூசியா காலையில மட்டும் அடைக்கும்?"

"ஆமாய்யா."

கூட்டத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. மெக்கானிக் எதையோ மழுப்புகிறான் என்று மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார்கள்.

வண்டி அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. நாள் முழுக்கச் சுப்பையா இறங்காமல் ஓட்டினார். ஆனால் ஈரம் போயிருந்தது. கலப்பை போன இடமெல்லாம் குழந்தைத் தலை அளவுக்குக் கட்டி கட்டியாகப் புரண்டது. ஓடைப்பக்கத்துத் தாழ்வில் மட்டும் கொஞ்சம் பதம் மிச்சம் இருந்தது. விதைக்க வேறு யாரும் வராததால் வேலம்மாள் முந்தியில் சோளத்தைக் கட்டிக்கொண்டு தனியாக இறங்கினாள். அவ்வளவு பெரிய காட்டில் ஒற்றை ஆளாக அவள் விதைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபடி நான் டூல்களைப் பைக்குள் அடுக்கினேன்.

அடுத்த மழை தள்ளிப்போனது, போட்ட கொஞ்ச விதையும் காய்ந்தது. பெரிய மாமனார் சொன்ன சொல் சொன்னதுதான். தை பிறந்ததும் காட்டைக் கம்பெனிக்குக் குத்தகை பேசினார்கள். டிராக்டரை ஒரு செங்கல் சூளைக்காரர் ஓட்டிக்கொண்டு போனார்.

5. அவள் கேட்டது

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஒரு பட்டாசுக் கம்பெனியில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் கெட்டுப்போய் என்னைக் கூப்பிட்டார்கள். ஆமத்தூர் தாண்டினதும் எனக்குப் பாதை அடையாளம் தெரிந்தது. அதே காடுதான். உழுத சால் இருந்த இடத்தில் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. எல்லாரும் தலைகுனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எஞ்சினைச் சரிபண்ணிவிட்டுக் கை கழுவ வந்தபோது, காகிதக் குழாய் உருட்டுகிற கொட்டகையிலிருந்து ஒரு குரல்.

"மேஸ்திரியண்ணே. சௌக்கியமா இருக்கீகளா?"

வேலம்மாள். முழங்கை வரைக்கும் பசை. தலை பாதி நரைத்திருந்தது. தன் சொந்தக் காட்டிலேயே கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாள் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியவளைக் கட்டிக் கொடுத்துவிட்டதாகவும், சின்னவள் இவளோடு இங்கேயே வேலைக்கு வருவதாகவும் சொன்னாள்.

காகிதத்தில் பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்குத் தூசின்னு சொன்னீகளே, அது எனக்காகத்தான சொன்னீக. மறக்கல. ஆனா அண்ணே, இந்த ஊரு இன்னமும் என்ன சொல்லுது தெரியுமா? முத்தையா செத்தும் பொண்டாட்டிய வெதைக்க விடலைங்குது. எம் பிள்ளைகளே அப்பாவுக்குப் படையல் வைக்கப் பயப்படுதுக."

அவள் பசைக் கையை உதறினாள்.

"எம் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது. அம்புட்டுப் பாசமா அந்த வண்டிய வாங்குன மனுசன் மேல பழி நிக்கக் கூடாது. நான் சொன்னா, புருசனுக்குப் பரிஞ்சு பேசுதான்னு சொல்லுவாக. நீங்க மெக்கானிக்கு. நீங்க சொல்லணும். எல்லார்ட்டயும் சொல்லுங்க."

அன்று வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் சொன்னேன். திரும்புகிற வழியில் டீக்கடையில் சொன்னேன். அப்புறம் எங்கே டிராக்டர் பேச்சு வந்தாலும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இறங்கவில்லை என்றால் கார்பரேட்டருக்குப் போகுமுன் டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். காற்று இழுக்கிற சத்தம் கேட்டால் வேலை அங்கேயே முடிந்தது. எவன் கெடுத்தான் என்று விசாரிப்பதற்கு முன்னால், வண்டியை யார் ஆசையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். என்ன கோளாறு என்று ஊர் கேட்டால் முழுசாகச் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னால் மீதியை ஊர் யார் தலையிலாவது கட்டும்.

ஆமத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வண்டியை மறித்தது முத்தையா இல்லை.